லிப்ட்டுக்காரர் வீட்டு இரண்டாவது கார்டு

பல் துலக்குவதற்கு முன்பே லிப்ட்டுக்காரர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் இரும்புப் பெட்டியில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொள்கிறார். கண்களையும் மூடிக்கொள்கிறார். உள்ளே மூன்று ஃபேன்கள் ஓடுகின்றன. மூன்றில் எது இன்றைக்கு முனகுகிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். "பின்னாடி இருக்கறவனுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று அறிவித்துவிட்டு, அதன் பிறகுதான் குளியலறைக்குப் போவார். "நேத்து எனக்குத் தலைவலின்னு சொன்னது மட்டும் காதுல விழல" என்று அடுப்படியிலிருந்து மனைவி சொல்வாள். அதுவும் அவர் காதில் விழாது.

இருபத்திரண்டு வருடமாக அவருக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. குடியிருப்பது நாலாவது மாடி. ஆனாலும் படியேறித்தான் வருவார். "நாள் பூரா அதுகூடத்தான் குடும்பம் நடத்துறேன், வீட்டுக்கு வரப்பவாவது விடுங்கப்பா" என்பார். விருந்துக்கு எங்காவது போனால் எல்லோரும் லிப்ட்டில் ஏறிவிட, இவர் மட்டும் வெளியே நின்று, மூடிய கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மேலே போனவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது வந்து சேர்ந்து, "மூணாவது மாடியில கதவு சரியா சேரல" என்பார். விருந்து வைத்தவர் முகம் போகிற போக்கைப் பார்த்து மனைவி சுவரைப் பார்த்துக்கொள்வாள்.

கூட வேலை செய்பவர்களுக்கு அவர் ஒரு தனிப் பாடம். கருவி எதுவானாலும் சரி, வலது கை உள்ளே போகுமுன் இடது கை போய் மின்சாரத்தை அணைத்துவிடும். "மெயின ஆஃப் பண்ணியாச்சா?" என்று அவர் கேட்காத நாளில்லை. சோற்றில் கை வைக்கும் முன்புகூட அண்ணன் மெயினைத் தேடுவார் என்று பின்னால் பேசிச் சிரிப்பார்கள். ஆனால் அவரோடு வேலை பார்த்த எவனுக்கும் இன்றுவரை ஒரு விரல் நகம்கூடக் கருகியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிடக் கூடாது. "வாங்கினது இல்லைங்க, கட்டினது" என்று திருத்துவார். பெட்டி ஓரிடம், மதர்போர்டு ஓரிடம், ஃபேன்கள் வேறோரிடம் என்று ஆறு மாதம் அலைந்து சேர்த்து, நாலு வருடத்துக்கு முன் கட்டி முடித்தார். முடித்தார் என்பது நம் பேச்சு. அவரைப் பொறுத்தவரை அது இன்னும் முடியவில்லை. அதனால் பெட்டியின் பக்கத்துத் தகடு ஒரு நாள்கூட மூடப்படாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஒவ்வொரு முறை பிரித்து மாட்டும்போதும் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன்" என்று அதை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுவிடுவார். டப்பா முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

அவருக்கு அது பொழுதுபோக்கு. மனைவிக்கு அதுதான் பிழைப்பு. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்துவிட்ட மாதிரி படமாக்கித் தருவது அவள் தொழில். வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்படியை எட்டிப் பார்த்து, மாடியேறி நடப்பது போல் ஒரு படம். ஒன்பது வருடம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் பெயரில் இதைச் செய்துகொடுத்தாள். போன மாதம் வேலையை விட்டுவிட்டு, ஒரு கட்டடக்காரரிடம் சொந்தப் பெயரில் முதல் வேலை பிடித்தாள். மூன்று நிமிடப் படம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய அலுவலகத்தில் போட்டுக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் மிச்சமிருக்கும் பதினொரு வீடுகளும் அவளுக்கே. நேரத்துக்குப் போகாவிட்டால், விட்டுவந்த அலுவலகத்து வாசலிலேயே மறுபடி போய் நிற்க வேண்டும். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாலையோடு அவள் பங்கு முடிந்தது. இனிமேல் கம்ப்யூட்டரின் பாடு. மூன்று நிமிடத்துக்கு நாலாயிரத்து முந்நூறு சொச்சம் படங்கள். ஒவ்வொன்றையும் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டு வரைந்து தள்ள அரை நிமிடம். ஆக மொத்தம் முப்பத்தாறு மணி நேரம். சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஓடவிட்டால் ஞாயிறு இரவு ஒன்பதுக்கு முடியும். நேரம் தாராளமாக இருந்தது. அந்தத் தாராளம்தான் வினையாகப் போயிற்று.

ஏனென்றால் அதே வெள்ளிக்கிழமை மாலைதான் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. தனக்குப் புதிதாக ஒரு கார்டு வாங்கிக்கொண்டு, பழையதைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தான். "சும்மாதான் கிடக்கு மாமா, வச்சுக்கங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதன் அச்சு அசலான ஜோடி. லிப்ட்டுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததுமே மனைவி காலண்டரில் திங்கட்கிழமையைப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு கார்டுக்கு முப்பத்தாறு மணி நேரம்னா, ரெண்டு கார்டுக்குப் பதினெட்டு. அரை மணி நேர வேலைம்மா. மாட்டினா போதும், அதுவா எடுத்துக்கும்."

"திங்கக்கிழமைக்கு அப்புறம் மாட்டுங்களேன்."

"அப்புறம் மாட்டி என்ன பிரயோஜனம்? அவசரத்துக்கு உதவாத லிப்ட்டு எதுக்கு?"

பேச்சில் லிப்ட் வந்துவிட்டால் அது விடியும்வரை ஓடும் என்று அவளுக்குத் தெரியும். சரி என்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மானிட்டரின் மேல் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. வேலையிடத்திலிருந்து கொண்டுவந்தது. 'பராமரிப்பு வேலை நடைபெறுகிறது. தயவுசெய்து படிகளைப் பயன்படுத்தவும்.' கீழே லிப்ட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதுக் கார்டை அடுப்படித் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார். ஒரு கிலோ நூற்றுப் பத்து கிராம். "இவ்வளவையும் அந்தத் துக்கடா ஸ்லாட்டு தலையில கட்டுறது அநியாயம்" என்று சொல்லி, ஒரு டூத் பிரஷ்ஷை அளவாக வெட்டி, கார்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்.

"அது யாரோட பிரஷ்?" என்றாள் மனைவி.

"பழசும்மா."

"நேத்துத்தான் பிரிச்சேன்."

முட்டு கனகச்சிதமாக உட்கார்ந்துவிட்டதால் அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். பவர் சப்ளை எவ்வளவு தாங்கும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். இரண்டு கார்டும் முழு மூச்சாக ஓடினாலும் மிச்சம் இருந்தது. ஆனால் கார்டின் வால் நீளம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறிடத்தில் மாட்டினால்தான் அது உள்ளே போயிற்று. அரை மணி நேர வேலை பகல் பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. இரண்டு கார்டுகளின் ஃபேன்களும் சேர்ந்து சுற்றின. "எப்படிச் சுத்துது பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். குழந்தைக்கு முதல் பல் முளைத்த வீட்டில் இருக்கிற பெருமை அவர் முகத்தில் இருந்தது.

மனைவி ஒரே ஒரு படத்தை ஓட்டிப் பார்த்தாள். அரை நிமிடம். மறுபடி ஓட்டினாள். அதே அரை நிமிடம்.

"புதுசுல்ல, கூச்சப்படுது. கொஞ்சம் பழகட்டும்" என்றார்.

அது பழகவில்லை. கழற்றினார், துடைத்தார், மாட்டினார். முதல் ஸ்லாட்டில் இருந்ததை இரண்டாவதிலும், இரண்டாவதில் இருந்ததை முதலாவதிலும் போட்டார். தனியாகப் போட்டால் எந்தக் கார்டும் ஒழுங்காக வேலை செய்தது. சேர்த்துப் போட்டால் ஒன்றுதான் உழைத்தது. மற்றது ஃபேனைச் சுற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கத்தினால் பயமில்லை. குரல் தாழ்ந்தால்தான் ஆபத்து.

"போதும். ஒரு கார்டே போதும். இப்ப ஓடவிட்டா திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு முடிஞ்சிடும். இனிமே அதுல கை வைக்காதீங்க."

"வைக்க மாட்டேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அவள் ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். ஒன்றரை மணி நேரம் லிப்ட்டுக்காரர் வாக்குத் தவறாமல் உட்கார்ந்திருந்தார். நூற்று எண்பது படங்கள் முடிந்திருந்தன. சும்மா சுற்றிக்கொண்டிருந்த கார்டின் ஒயரைப் பார்த்தார். அது முழுசாக உள்ளே உட்காரவில்லையோ என்று ஒரு சந்தேகம். அரை நூல் அளவுதான். ஒரு விரலால் லேசாக அழுத்திவிட்டால் போதும். அழுத்தக் கையை உள்ளே விட்டதும் பெட்டி மொத்தமும் அணைந்தது. திரை கறுத்தது. ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஒரு சலனமும் இல்லை.

மனைவி திரும்பி வந்தபோது மானிட்டருக்கு எதிரே அவர் கைகட்டி நின்றார்.

"ஏன் இருட்டா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ரெஸ்ட் எடுக்குது."

அவள் பையை இறக்கிவைத்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. ஒன்பது வருடம் அவள் அடுத்தவர் பெயரில் செய்த வேலையெல்லாம் நினைவுக்கு வந்தது. தூக்கக் கண்ணோடு கருவியைத் தொடக் கூடாது என்பது அவர் தொழில் சட்டம் என்பதால், தூங்காமலே படுத்துக்கிடந்தார்.

ஞாயிறு விடிந்ததும் கூடத்தில் ஒரு போர்வையை விரித்துக் கம்ப்யூட்டரின் குடலை அதில் பரப்பினார். பெட்டியும் அதில் பொருத்திய பவர் சப்ளையும் மட்டும்தான் இருந்த இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்தார், முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கருகல் இல்லை, வாடை இல்லை. மச்சானுக்குப் போன் போட்டார்.

"முதல்ல கரெண்ட் வருதான்னு பாருங்க மாமா."

"யாருகிட்ட கரெண்ட் பத்திப் பேசற நீ?" என்று போனை வைத்துவிட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மனைவி இரண்டு தட்டுகளில் சாப்பாட்டோடு வந்தாள். உட்கார இடமில்லாமல் பெட்டிக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்தவள், குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, பின்னாடி இருக்கற இந்தச் சின்ன சுவிட்ச்சு எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

லிப்ட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பவர் சப்ளையின் சுவிட்ச். அணைந்திருந்தது.

"இத யாரு ஆஃப் பண்ணது?" என்று அதட்டலாகவே கேட்டார். கேட்ட பிறகுதான் யோசித்தார். வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் அப்போது கடைக்குப் போயிருந்தார். மெல்லத் தலையைக் குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். வலது கை உள்ளே போகிறதென்று தெரிந்ததும், இவரைக் கேட்காமலே அது பின்னால் போய் மெயினை அணைத்திருக்கிறது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். வேலை முடிந்தால் திரும்பப் போடுவதும் அதே கைதான். இந்த முறை வேலை முடியவே இல்லையே, அதனால் போடவில்லை. அதன்மீது ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். நேற்றிரவிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையும் அதில் பாதி இருந்தது. பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது. மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். மீதிப் படங்களுக்கு ஒரு கார்டு என்றால் முப்பத்து நாலரை மணி நேரம். திங்கள் காலை பத்து மணிக்கு இருந்தது இருபத்திரண்டு மணி நேரம்தான்.

"என்னாலதான்" என்றார் அவர். "நான் சும்மா இருந்திருந்தா இன்னிக்கு ராத்திரி முடிஞ்சிருக்கும். உனக்கு உதவி பண்றேன்னு உன் வாயில மண்ணப் போட்டுட்டேன்."

"மண்ண அப்புறம் துடைச்சுக்கலாம். முதல்ல இத மாட்டுங்க. ரெண்டாவது கார்டு ஓடியே ஆகணும். வேற வழி இல்ல."

மாட்டினார். ஒன்றரை மணிக்குக் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. ஆனால் படத்துக்கு அதே அரை நிமிடம். ஒயரை மாற்றிப் பார்த்தார், நிறுத்திப் போட்டுப் பார்த்தார். மூன்று மணிக்கு மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டாதீங்க. வாயால சொல்லுங்க. ஒரு கட்டடத்துல ரெண்டாவது லிப்ட்டு மாட்டினா என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அது?"

"எனக்கு வேற எதுவும் தோணல. சொல்லுங்க."

லிப்ட்டுக்காரர் விரல் விட்டு எண்ணினார். "எடை தாங்குமான்னு பாப்போம். கயிறு பாப்போம். கதவு ஒழுங்கா சேருதான்னு பாப்போம். அப்புறம் யாரையும் ஏத்தாம நானே தனியா ஒரு தடவ மேல போயிட்டு கீழ வருவேன். கடைசியா ரெண்டு லிப்ட்டையும் பேனல்ல சேத்து விடுவேன்."

"சேக்கலன்னா?"

"சேக்கலன்னா பட்டன அமுக்கினா பழசுதான் வரும். புதுசு, லைட்டெல்லாம் எரிய, கீழ்தளத்துல சும்மா நின்னுட்டிருக்கும். ஏன்னா அத யாரும் கூப்பிட..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள். மனைவி படம் வரைகிற மென்பொருளின் அமைப்புகளைத் திறந்து, இதுவரை போகாத ஒரு பக்கத்துக்குப் போனாள். இரண்டு கார்டுகளின் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதல் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் டிக் போட்டிருந்தது. இரண்டாவது கட்டம் காலி. நேற்றுப் பகலிலிருந்து காலி. அது கார்டின் குற்றமில்லை, ஒயரின் குற்றமில்லை. அது அவளுடைய மென்பொருள். மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அதுவா எடுத்துக்கும்னு சொன்னீங்க."

"நான் கரெண்டச் சொன்னேன்."

விசாரணை அத்துடன் முடிந்தது. இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு ஒரு படத்தை ஓட்டினாள். பதினைந்து நொடி. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி மூன்றேகால். மறுநாள் காலை எட்டரைக்கு முடியும் என்று திரை சொன்னது. கட்டடக்காரர் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. "என்னை வேணும்னா வெளிய தள்ளிக் கதவப் பூட்டிடு" என்றார் லிப்ட்டுக்காரர். அன்று மாலை முழுக்க அந்த அறைக்குள் நுழையாமல், வாசல்படியில் நின்றே எண்களைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டார். எட்டேகாலுக்கு மனைவி புடவை கட்டி, பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு மானிட்டர் முன் நின்றாள். அறுபத்தோரு படங்கள் பாக்கி. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. டிக். டிக். டிக்.

"என்ன அது?"

அவர் பார்க்காமலே சொன்னார். "ஒயரு. கொஞ்சம் தொங்கிருச்சு. ஃபேன்ல உரசுது."

"ஏதாவது ஆகுமா?"

"ஒண்ணும் ஆகாது. சுண்டு விரலால லேசா தூக்கிவிட்டா நின்னுடும்."

மனைவி திரையில் குறையும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. டிக், டிக் என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஃபேன் இப்படிச் சத்தம் போட, தான் சும்மா இருப்பது லிப்ட்டுக்காரரின் வாழ்க்கையில் நடந்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுத்தமாக உட்கார்ந்தார்.

நாற்பது. முப்பத்திரண்டு. பதினெட்டு. மூக்கு அரித்தது. தோளில் தேய்த்துக்கொண்டார். ஒன்பது. நாலு. ஒன்று. எல்லாப் படங்களும் முடிந்ததும் மனைவி அவற்றைக் கோத்துப் படமாக்கி, முதல் பத்து நொடியை ஓட்டிப் பார்த்தாள். இன்னும் கட்டாத ஒரு வீட்டின் வாசல் கதவு திறந்து, காலை வெயில் விழுந்த கூடம் தெரிந்தது. "நல்லா இருக்கும்மா" என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்து. அவள் படத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் லிப்ட்டுக்காரர் வலது கையை வெளியே எடுத்து, போய்வா என்று ஆட்டினார். இடது கையின் மேல் இன்னும் உட்கார்ந்திருந்தார்.